கணக்கில் வராத நாய்கள்

களுவாஞ்சிகுடியில் ஆசிரியையாக இருக்கும் ஒரு மகள் எனக்கு எழுதியிருந்தார். மாரி மழை ஓய்ந்து வெயில் ஏறத் தொடங்கியதும் அவருடைய நாயின் காதுமடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி அப்பிக்கொண்டது. சென்ற வருடம் இதே உண்ணியால் காய்ச்சல் கண்டு, பல் முரசு வெளிறி, நாய் சாவின் வாசல்வரை போய் வந்திருக்கிறது. இம்முறை மிருக வைத்தியர் மூன்று மாதத்துக்கு ஒன்று கொடுக்கும் குளிசையை எழுதிக் கொடுத்தார். கொடுத்த அன்றிரவு, அந்த மருந்து எப்படி உருவானது என்று தேடிப் படித்திருக்கிறார். ஆய்வுகூடக் கூட்டில் நிற்கும் பீகிள் நாய்களின் படங்களைக் கண்டதும் தூக்கம் போய்விட்டது. "சிறு வயதிலிருந்து மீன்கூடத் தொடாதவள் நான். என் நாய்க்காக இன்னொரு நாயை வதைத்த மருந்தை வாங்கியிருக்கிறேன். இதைத் தொடர்ந்து கொடுக்கலாமா? சோதனை செய்யாத மருந்து ஒன்றும் இல்லையா, டொக்டர்?" என்பது அவருடைய கேள்வி.

குளிசையைக் கொடுங்கள், மகள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் எழுதி முடிக்கும்வரை உண்ணி காத்திருக்காது. ஆனால் உங்கள் தூக்கத்தைக் கெடுத்த உறுத்தலை யாரும் "இதெல்லாம் பார்த்தால் வாழ முடியுமா" என்று தட்டிக்கழிக்க விடாதீர்கள். முப்பது வருடங்களுக்கு மேல் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் மாட்டுக்கும் நாய்க்கும் வைத்தியம் பார்த்தவன் நான். அந்த உறுத்தல் எனக்கும் உண்டு.

நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். சோதனை செய்யாத மருந்து என்று ஒன்று கிடையாது. சோதனை எங்கே நடந்தது, எந்த நாயில் நடந்தது, யாராவது கணக்கு வைத்தார்களா என்பதுதான் மருந்துக்கு மருந்து வேறுபடும். இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. அதற்கு வருவதற்கு முன், நீங்கள் படத்தில் கண்ட நாய்களுக்கு உண்மையில் என்ன செய்கிறார்கள் என்பதைச் சொல்லவேண்டும். அரைகுறையாகத் தெரிந்திருப்பது முழுவதும் தெரிந்திருப்பதைவிட அதிகம் வதைக்கும்.

உண்ணி மருந்து ஒன்றைச் சோதிக்கும்போது நாய்களை இரண்டு கூட்டமாகப் பிரிக்கிறார்கள். ஒரு கூட்டத்துக்கு மருந்து, மற்றதற்கு இல்லை. ஒவ்வொரு நாயின் மீதும் வழக்கமாக 50 உண்ணிகளை விடுகிறார்கள். 48 மணித்தியாலத்தின் பின் உடல் முழுவதும் விரலால் தடவி, மயிரைச் சீவி, உயிரோடு எஞ்சிய உண்ணிகளை எண்ணுகிறார்கள். மருந்து பெற்ற நாய்களில் உண்ணிகள் 90 வீதத்துக்கு மேல் குறைந்திருக்க வேண்டும். உங்கள் குளிசை போல மூன்று மாதம் வேலைசெய்வதாகச் சொல்லும் மருந்தென்றால், அந்த மூன்று மாதமும் இதைத் திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். மருந்து பெறாத நாய்கள் ஒவ்வொரு முறையும் ஐம்பது உண்ணிகளின் கடியையும் தாங்கிக்கொண்டு நிற்கவேண்டும். நம் சந்தைகளில் திரியும் ஒரு நாயின் இரண்டு காதுகளிலும் மட்டும் நான் அதைவிட அதிகமாகப் பிடுங்கியிருக்கிறேன். அதைச் சொல்லி இதை நியாயப்படுத்த வரவில்லை. தெருநாய்க்கு உண்ணி பிடித்தது யாருடைய திட்டமும் அல்ல. ஆய்வுகூட நாய்க்கு அதை ஒரு மனிதர் கையால் எடுத்து விட்டார். இரண்டும் ஒன்றாகாது.

அடுத்தது பாதுகாப்புச் சோதனை. மனச்சாட்சி உள்ளவர்களுக்கு இதுதான் கடினமானது. ஐரோப்பா, ஜப்பான், அமெரிக்கா மூன்றும் 1996 இல் தொடங்கிய கூட்டு முயற்சியில் பிறந்த பொது விதிமுறை ஒன்று உண்டு. அதன்படி வழக்கமாக நான்கு கூட்டம் நாய்கள். ஒன்றுக்கு மருந்தே இல்லை. ஒன்றுக்குச் சரியான அளவு. ஒன்றுக்கு மூன்று மடங்கு. ஒன்றுக்கு ஐந்து மடங்கு. கூட்டத்துக்கு ஆண் நான்கு, பெண் நான்கு என்று எட்டு நாய்கள், மொத்தம் 32. சாதாரணமாகக் கொடுக்கும் காலத்தைப் போல மூன்று மடங்கு காலம் கொடுத்து, இரத்தம், சிறுநீர், எடை, நடை எல்லாம் பார்க்கிறார்கள். இப்படியான பல ஆய்வுகளின் முடிவில் நாய்களைக் கொன்று, ஈரல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வோர் உறுப்பையும் நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். நீங்கள் கண்ட படங்கள் பெரும்பாலும் இந்த வகை ஆய்வுக்கு வளர்க்கப்படும் நாய்களுடையவை.

ஐந்து மடங்கு எதற்கு? மாணவனாக இருந்தபோது இது எனக்கு விளங்கவில்லை. வேலைக்கு வந்து சில வருடங்களில் விளங்கியது. காலையில் தாய் கொடுத்த குளிசையை மாலையில் மகன் மறுபடி கொடுப்பான். நாற்பது கிலோ நாய்க்கு வாங்கியதை எட்டுக் கிலோ நாய்க்குக் கொடுப்பார்கள், "மிச்சம் கிடந்தது" என்பார்கள். எடை பார்க்காமல் கண்ணளவில் நாமே கூட்டி எழுதிவிடுவோம். அந்த எட்டு நாய்கள் ஐந்து மடங்கு மருந்தைத் தாங்கியது நோய்க்காக அல்ல, நம் கவனக்குறைவுக்காக. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் "அளவு மீறினால் தாங்கும்" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரி எட்டு நாய்களின் விலை.

மனிதருக்கான மருந்தை நாயில் சோதிப்பதற்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. "நாயின் உடல் வேறு, மனித உடல் வேறு, அங்கே கண்டது இங்கே பொருந்தாது" என்பது அங்கே வலுவான வாதம். அமெரிக்காவில் 2022 டிசம்பரில் சட்டத்தையே திருத்தி, மனித மருந்துக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்ற விதியை எடுத்துவிட்டார்கள். ஆனால் நாயின் மருந்தில் நோயாளியே நாய். அங்கே கண்டது இங்கே அப்படியே பொருந்தும். மனிதன் தன் சுகத்துக்காக விலங்கை வதைக்கிறான் என்ற குற்றச்சாட்டும் நேரடியாக நிற்காது. சுகம் பெறுவதும் நாய்தான்.

முள் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த நாய் இந்த நாய் அல்ல. உங்கள் நாய் களுவாஞ்சிகுடிக் கடற்கரையில் நண்டைத் துரத்தும். அந்தப் பீகிள் ஒரு நாள்கூட மணலை மிதித்திருக்காது. மருந்துச் சோதனைக்கு முன்வரும் மனிதர் கையொப்பமிட்டுச் சம்மதிக்கிறார். வேண்டாமென்றால் இடையில் எழுந்து போகலாம். நாய்க்குச் சம்மதம் சொல்ல வாயில்லை. நம் வீட்டு நாய்க்குப் பதிலாக நாம் முடிவெடுக்கிறோம், அதன் நன்மையை மனதில் வைத்து. ஆய்வுகூட நாய்க்குப் பதிலாக முடிவெடுப்பது மருந்தை விற்று ஆதாயம் பெறப்போகும் கம்பனி. காவலரும் இலாபம் எடுப்பவரும் ஒருவராக இருக்கும் இடத்தில் வெளியாள் ஒருவர் உட்கார்ந்து கேள்வி கேட்டே ஆகவேண்டும். அதற்காகத்தான் நெறிமுறைக் குழுக்களை உருவாக்கினார்கள். அந்தக் குழு எவ்வளவு நேர்மையாக இருக்கிறதோ அவ்வளவுதான் அந்தச் சோதனையின் நியாயமும்.

பீகிளை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? அளவான உடம்பு, கூட்டத்தோடு ஒத்துப்போகும் சுபாவம். அதற்கும் மேலாக, ஊசி குத்தினாலும் திருப்பிக் கடிக்காத பொறுமை. அதன் நல்ல குணமே அதற்கு வினையானது. இதை எழுதும்போது இன்றும் எனக்குக் கை நின்றுவிடுகிறது.

சரி, சோதனையே இல்லாத மருந்து எப்படி இருக்கும் என்று சொல்கிறேன்.

மண்முனைப் பாலம் கட்டப்படுவதற்கு முந்திய காலம். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து ஒரு பையன் உரப்பைக்குள் நாய்க்குட்டி ஒன்றைச் சுற்றிக்கொண்டு, பாதை என்று நாம் சொல்லும் மிதவையில் ஏறி வாவியைக் கடந்து, சைக்கிளில் என்னிடம் வந்தான். குட்டிக்கு ஐந்து கிலோ இருக்கும். நிற்க முடியவில்லை. கண்மணி விரிந்து, கண் திறந்திருந்தும் பார்வை இல்லை, தலை ஆடிக்கொண்டிருந்தது. சொறிக்கு ஊசி போட்டதாகச் சொன்னான். வயல்காரப் போடியாரின் பட்டியில் மாட்டுக்குப் போட்ட ஐவர்மெக்டினில் மிச்சம் இருந்ததாம். "கொஞ்சமாகத்தான் போட்டோம், ஐயா, ஒரு மில்லி" என்றான்.

கணக்கைப் பாருங்கள். அந்த மாட்டு ஊசியில் ஒரு மில்லிலீற்றருக்கு 10 மில்லிகிராம் மருந்து. மாட்டுக்கு 50 கிலோவுக்கு ஒரு மில்லிலீற்றர். அதே அளவை ஐந்து கிலோக் குட்டிக்குக் கணக்கிட்டால் ஒரு மில்லிலீற்றரில் பத்திலொரு பங்கு வரும். மாட்டுக்குப் பயன்படுத்தும் பெரிய சிரிஞ்சில் அதை அளக்கவே முடியாது. குட்டிக்குள் போனது பத்து மடங்கு. இரண்டு நாள் சேலைன் ஏற்றி, உடம்பைச் சூடாக வைத்து, விழித்திருந்து பார்த்தேன். மூன்றாம் நாள் காலையில் செத்துவிட்டது.

அந்தக் குட்டியின் மீது நடந்ததும் சோதனைதான், மகள். பத்து மடங்கு கொடுத்தால் என்ன ஆகும் என்ற சோதனை. நெறிமுறைக் குழு இல்லை, நோவைத் தணிக்க ஆள் இல்லை. எல்லாவற்றிலும் கொடியது, அந்தச் சாவால் யாரும் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. அடுத்த மாரிக்குப் பிறகு இன்னொரு குட்டி அதே உரப்பையில் வந்தது.

ஐவர்மெக்டின் கெட்ட மருந்து என்று நினைக்கவேண்டாம். ஜப்பானிய மண்ணில் கிடைத்த நுண்ணுயிர் ஒன்றிலிருந்து பிறந்து, முதலில் கால்நடைகளின் புழுவுக்குப் பயன்பட்டு, பிறகு ஆபிரிக்காவில் இலட்சக்கணக்கான ஏழைகளின் கண்பார்வையைக் காத்த மருந்து அது. சதோஷி ஓமுராவும் வில்லியம் காம்பெலும் அதற்காக 2015 இல் நோபல் பரிசு பெற்றார்கள். மனிதருக்கான மருந்துகளுக்காக விலங்குகள் தந்ததைப் பற்றியே பேசுகிறோம். விலங்குக்காகச் செய்த மருந்து மனிதரைக் காத்த கதையும் உண்டு. ஆனால் அதே மருந்து கோலி இன நாய்கள் பலவற்றின் மூளைக்குள் தடையின்றிப் புகுந்து அவற்றை மயக்கத்தில் தள்ளியது. மற்ற நாய்களின் மூளையிலிருந்து மருந்தை வெளியே இறைக்கும் ஒரு புரதம் அந்த இனத்தில் பலவற்றுக்குப் பழுதாக இருக்கிறது. அதற்குக் காரணமான மரபணுக் குறையை 2001 இல் கண்டுபிடித்தார்கள். இன்று ஒரு துளி உமிழ்நீரை வைத்தே முன்கூட்டி அறியலாம். இனிமேல் அதை அறிவதற்காக ஒரு கோலிகூட மயங்கிவிழத் தேவையில்லை. சோதனையைக் குறைக்கும் வழி இப்படித்தான் பிறக்கிறது: முன்பு பட்ட துன்பத்தை யாரோ ஒருவர் எழுதிவைத்திருந்ததால்.

பூனையைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் இது இன்றும் நம் வீடுகளில் நடக்கிறது. காத்தான்குடியில் ஒரு தாய், பூனைக்கு உடம்பு சுடுகிறதென்று பனடோலில் பாதியை உடைத்துப் பாலில் கலந்து கொடுத்தார். தன் பிள்ளைக்குக் கொடுப்பதைப் போல, அதே அன்போடு. மாலையில் முகம் வீங்கி, முரசு கபில நிறமாகி, மூச்சுத் திணறி அந்தப் பூனை வந்தது. பனடோலில் இருக்கும் பரசிற்றமோலை உடைத்து வெளியேற்றும் வழி மனித ஈரலில் நன்றாக வேலைசெய்கிறது. பூனையின் ஈரலில் அது அநேகமாக இல்லை. மனிதரில் கோடிக்கணக்கான முறை பயன்பட்ட மருந்து பூனைக்கு நஞ்சு. ஆகவே "ஏற்கெனவே மனிதரில் பார்த்தாயிற்று, நாயில் பார்த்தாயிற்று, பூனையில் வேறு எதற்கு" என்று கேட்பவர்களுக்கு என் பதில் அந்தக் கபில நிற முரசு. சரியான நேரத்தில் கொண்டுவந்ததால் அது பிழைத்தது. பிழைக்காதவை பல.

நாட்டு மருந்து என்ற பெயரில் நடப்பதை அதிகம் சொல்ல விரும்பவில்லை. சொறி பிடித்த நாயின் மேல் வாகனத்தின் பழைய ஒயிலைப் பூசும் வழக்கத்தை நீங்களும் கண்டிருப்பீர்கள். நாய் அதை நக்குகிறது; தோலின் வழியாகவும் உள்ளே போகிறது. இதற்கு எந்த ஆய்வுகூடத்தில் அனுமதி கேட்டாலும் விரட்டிவிடுவார்கள். நம் வளவில் செய்தால் அது வைத்தியம்.

இனி, எல்லாவற்றிலும் கடினமான இடத்துக்கு வருகிறேன். விசர்நாய்த் தடுப்பூசி.

எங்கள் தலைமுறைக்கு விசர்நாய்க்கடி என்றால் தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசிகள்தான் நினைவுக்கு வரும். அந்தப் பழைய மருந்து ஆட்டின் மூளையில் கிருமியை வளர்த்து எடுக்கப்பட்டது. ஒவ்வொரு தொகுதிக்கும் ஆடுகள் செத்தன. இலங்கையில் 1973 ஆம் ஆண்டில் மட்டும் 377 பேர் விசர் நோயால் இறந்தார்கள். அண்மைய வருடங்களில் அந்தத் தொகை சில பத்துகளுக்குள் இறங்கியிருக்கிறது. மனிதருக்குச் சிறந்த ஊசி வந்தது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், தெருமுனையில் மேசை போட்டு நாய்களுக்கு ஊசி போட்டது. நீங்களும் உங்கள் நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு அந்த வரிசையில் நின்றிருப்பீர்கள்.

அந்த ஊசி வேலைசெய்கிறது என்று எப்படித் தெரிந்தது? அமெரிக்க விதியைச் சொல்கிறேன். குறைந்தது 25 நாய்களுக்கு ஊசி போடவேண்டும்; 10 நாய்களை ஊசி போடாமல் வைத்திருக்கவேண்டும். மூன்று வருடப் பாதுகாப்பு என்று விற்க வேண்டுமானால் மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். பிறகு 35 நாய்களுக்கும் உயிருள்ள விசர்க் கிருமியை ஏற்றவேண்டும். ஊசி பெற்ற 25 இல் 22 ஆவது 90 நாளுக்கு நோயின்றி இருக்கவேண்டும். ஊசி பெறாத பத்தில் எட்டுக்காவது விசர் காணவேண்டும். காணாவிட்டால் சோதனையே செல்லாது. ஏற்றிய கிருமிக்கு வீரியம் இருந்ததா என்றே தெரியாமல் போகும்.

இதை மறுபடி படியுங்கள். எட்டு நாய்கள் விசர் பிடித்துச் சாகவேண்டும் என்பது விதி.

விசர் பிடித்த நாயை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். எந்தப் பாவமும் செய்யாத ஒரு நாய்க்கு வேண்டுமென்றே அதைக் கொடுப்பதை என்னால் "அவசியம்" என்ற ஒரு சொல்லால் கடந்துபோக முடியவில்லை. ஆயினும் ஒரு புதிய தடுப்பூசி முதன்முதலாகச் சந்தைக்கு வரும்போது, ஒரே ஒரு தடவை, இதைச் செய்வதை நான் ஏற்றுக்கொள்கிறேன். அந்த ஊசி வேலைசெய்யாமல் இருந்து, நாம் அதை நம்பியிருந்தால், கோடிக்கணக்கான நாய்களும் அவற்றோடு விளையாடும் பிள்ளைகளும் அந்தச் சோதனைக்கு உட்படுவார்கள். முதல் நோய்க்குறி கண்டவுடனேயே மயக்க மருந்து கொடுத்து அமைதியாக முடித்துவிடவேண்டும். கடைசிவரை துடிக்கவிடுவது எந்த அறிவையும் கூட்டாது. இதில் நான் சமரசம் செய்யமாட்டேன்.

ஏற்றுக்கொள்ளாதது, அதற்குப் பிறகு நடந்தது. அங்கீகாரம் பெற்ற ஊசியின் ஒவ்வொரு புதிய தொகுதிக்கும் எலிகளின் மூளைக்குள் கிருமியை ஏற்றி, எத்தனை சாகின்றன என்று எண்ணும் முறை பல பத்தாண்டுகள் நீடித்தது. தடுப்பூசி போட்ட எலியிலிருந்து இரண்டு வாரத்தின் பின் கொஞ்சம் இரத்தம் எடுத்து, அதில் நோயெதிர்ப்புப் பொருள் எவ்வளவு என்று அளந்தாலே போதும் என்பதை ஐரோப்பிய மருந்து விதிகள் கால்நடைத் தடுப்பூசிக்கு ஏற்றுக்கொண்டுவிட்டன. அதே பதில், சாவு இல்லாமல். அப்படியொரு வழி இருக்கும்போது பழைய முறையில் தொங்கிக்கொண்டிருப்பதற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

1959 இல் வில்லியம் ரசல், ரெக்ஸ் பேர்ச் என்ற இரண்டு பிரித்தானியர் இதற்கொரு அளவுகோலைத் தந்தார்கள். விலங்கு இல்லாமல் செய்யமுடிந்தால் அப்படிச் செய். முடியாவிட்டால் தொகையைக் குறை. அதையும் குறைக்க முடியாவிட்டால் நோவைக் குறை. கேட்க எளிதாக இருக்கிறது. உண்ணி மருந்திலேயே பொருத்திப் பார்க்கலாம். மெல்லிய செயற்கைச் சவ்வின் வழியாக உண்ணிக்கு இரத்தம் ஊட்டும் முறை இன்று இருக்கிறது. பயனில்லாத வேதிப்பொருட்களை அங்கேயே கழித்துவிட்டால், கடைசியில் தேறிய ஒன்றிரண்டை மட்டும் நாயில் பார்த்தால் போதும். ஒரே மருந்தை வேறு கம்பனி செய்யும்போது, இரத்தத்தில் அதே அளவு ஏறுகிறதா என்று சில நாய்களில் பார்த்தால் முடிந்தது. 32 நாய்களைப் புதிதாகக் கொல்லத் தேவையில்லை. சந்தையில் ஏற்கெனவே நல்ல மருந்து நாலைந்து இருக்க, விற்பனைக்காக மட்டும் இன்னொன்றைச் சற்று மாற்றிச் செய்து அதற்கும் நாய்களைப் பலியிடுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். நாயின் மயிர் மினுங்கும் தைலத்துக்கும் வாய் மணக்கும் திரவத்துக்கும் சோதனை செய்வதை அதைவிடவும் ஏற்கமாட்டேன். அவற்றை வாங்காமல் விடுவது உங்கள் கையில் இருக்கிறது. குளிசையை நிறுத்துவதைவிட அது பயனுள்ள மறுப்பு.

சோதனை முடிந்த நாய்க்கு வீடு கிடைக்கவேண்டும் என்பதும் இன்று வெறும் ஆசை அல்ல. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் 2014 இல் அதைச் சட்டமாக்கியது. பிறகு வேறு மாநிலங்களும் பின்தொடர்ந்தன. 2022 இல் வர்ஜீனியாவில், ஆய்வுகூடங்களுக்கு விற்பதற்காக பீகிள் வளர்த்த பண்ணையொன்றின் நிலைமை நீதிமன்றத்துக்குப் போய், ஏறத்தாழ 4,000 நாய்கள் அங்கிருந்து மீட்கப்பட்டு வீடுகளுக்குப் போயின. முதன்முதலாகப் புல்லில் கால்வைத்த நாய்கள் எப்படித் தயங்கின என்பதைப் பதிவுகளில் பார்த்தேன். நீங்கள் அந்தக் கூட்டுப் படங்களைப் பார்த்திருந்தால் இதையும் பாருங்கள்.

இலங்கையில் விலங்கு வதைக்கு எதிராக 1907 இல் எழுதப்பட்ட கட்டளைச் சட்டம் விதித்த தண்டம் 100 ரூபா. அன்று அது பெரிய பணம். அதைத் திருத்தவேண்டும் என்று பல வருடங்களாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். நம் நாய்களுக்கான புதிய மருந்துகள் பெரும்பாலும் வெளிநாட்டில் சோதிக்கப்பட்டு இங்கே வருகின்றன; ஆகவே அந்தக் கூடுகளைத் திறக்கும் சாவி நம்மிடம் இல்லை. ஆனால் பெட்டி நம் கைக்கு வந்த பிறகு நடப்பது முழுவதும் நம்முடையது. இதில்தான் நான் என்னையே குற்றம் சொல்லவேண்டியிருக்கிறது.

பல வருடங்களுக்கு முன், நான் வேலைசெய்த ஓர் அலுவலகத்தில், தடுப்பூசி போட்ட பத்து நிமிடத்தில் ஒரு நாய் சுருண்டு விழுந்தது. ஒவ்வாமை. அட்ரினலின் கொடுத்தும் பலனில்லை. வீட்டுக்காரர் அழுதார், நான் ஆறுதல் சொன்னேன், அடுத்த நாயைப் பார்த்தேன். ஊசியின் தொகுதி எண்ணை எழுதவில்லை. திணைக்களத்துக்கு ஓர் அறிக்கை அனுப்பவில்லை. அன்று நான் ஒரு நாயை இழந்தேன். அது தந்த செய்தியையும் சேர்த்துப் புதைத்தேன்.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், கூட்டத்துக்கு எட்டு நாய்களில் பார்த்தால் ஆயிரத்தில் ஒன்றுக்கு வரும் பக்கவிளைவு தெரியவே தெரியாது. அதற்காக ஆயிரக்கணக்கான நாய்களைக் கூட்டில் அடைக்கவும் முடியாது, அடைக்கவும் கூடாது. அந்தச் செய்தி வீட்டு நாய்களிடமிருந்துதான் வரவேண்டும். நீங்கள் கொடுக்கும் குளிசையின் குடும்பத்தைச் சேர்ந்த மருந்துகளால் சில நாய்களுக்கு நடுக்கமும் வலிப்பும் வரக்கூடும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2018 இல் எச்சரித்தது. வீட்டுக்காரர்களும் வைத்தியர்களும் அனுப்பிய அறிக்கைகளிலிருந்து அது தெரியவந்தது. எழுதியவர்கள் ஒவ்வொருவரும் எங்கோ ஒரு நாயைக் காப்பாற்றியிருக்கிறார்கள், ஒரு கூட்டையும் நிரப்பாமல்.

அப்படியே, 2 முதல் 8 பாகை வரை குளிரில் இருக்கவேண்டிய தடுப்பூசியை மின்வெட்டில் வெந்துபோக விட்டுப் பிறகு போடுவதும், சிறிய நாய்க்கென்று பெரிய குளிசையைக் கண்ணளவில் உடைப்பதும், ஏழு நாள் கொடுக்கவேண்டிய மருந்தை மூன்று நாளில் நிறுத்துவதும் என் கண்ணுக்கு இப்போது வேறுவிதமாகத் தெரிகின்றன. அந்த அளவையும் நாளையும் கண்டறிய நாய்கள் உயிரைக் கொடுத்திருக்கின்றன. ஆய்வுகூடத்தில் செத்த நாய்க்கு நாம் செய்யக்கூடிய துரோகம் ஒன்று உண்டென்றால், அது கண்டு தந்ததை வீணடிப்பதுதான்.

ஆகவே, மகள், இந்த வாரம் செய்யவேண்டியதைச் சொல்கிறேன். முதலில் நீங்கள் தராசில் ஏறி எடையைப் பாருங்கள். பிறகு நாயைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள். கழித்தால் அதன் எடை கிடைக்கும். அது பெட்டியில் எழுதியிருக்கும் எடைக்குள் வருகிறதா என்று பாருங்கள். உங்கள் நாய்க்கு இதுவரை எப்போதாவது வலிப்பு வந்ததுண்டா என்பதை நீங்கள் எழுதவில்லை. வந்திருந்தால் அடுத்த குளிசையைக் கொடுக்காமல் உடனே எனக்குச் சொல்லுங்கள். வேறு வகை மருந்துக்கு மாற்றலாம். இல்லையென்றால், பெட்டியிலுள்ள தொகுதி எண்ணையும் கொடுத்த திகதியையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். முதல் இரண்டு நாள் வாந்தி, தள்ளாட்டம், நடுக்கம் ஏதும் கண்டால் நேரத்தோடு குறித்து அனுப்புங்கள். கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்துக்கு அதை என் கையால் எழுதி நானே அனுப்பிவைக்கிறேன்.